பைகளுக்குக் காவல் இருந்த அனுராதா

அருவிக்குக் கூட்டமாகப் போகிறவர்களில் ஒருவர் குளிக்காமல் கரையில் இருந்துதான் ஆக வேண்டும். செருப்பு, மாற்றுத்துணி, கைக்கடிகாரம், கழற்றிவைத்த கம்மல், பிள்ளைகளுக்கு வாங்கிய முறுக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. பாளையங்கோட்டையில் அந்த அரசு அலுவலகத்தைப் பொறுத்தவரை அது யார் என்று ஒருவரும் யோசித்ததில்லை. தட்டச்சர் அனுராதா இருந்தாள்.

ஆனி மாதம் மேற்கே மலை கறுத்து, குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று தெரிந்தால் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசிவிடுவார்கள். வேன் போய் நிற்பதற்கு முன்பே அனுராதா சொல்லிவிடுவாள், "நான் பைகளப் பாத்துக்கிடுதேன். நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க." அருவிக்கு எதிரே, சிப்ஸ் கடையை ஒட்டி ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் பைகளை அடுக்கி நடுவில் உட்கார்ந்துகொள்வாள். போனவர்கள் உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிக்க, சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். "ஒங்களுக்கும் சாரல் அடிச்சிருக்கும்லாக்கா" என்று ஆறுதல் சொல்வார்கள். அடித்திருக்கும்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவரவர் பையை அவரவரிடம் எடுத்துக் கொடுப்பாள். ஒருவருடைய தோட்டுத் திருகாணிகூடக் காணாமல் போனதில்லை.

அவளுக்கு நடை பழகிய வயதிலேயே ஒரு காய்ச்சல் வந்து இடது காலை இளைக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. அப்பா அருணாசலம் ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். மகளை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டுபோய்ப் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிக்கவைத்துவிட்டார். அப்புறம் தட்டச்சு படித்தாள், தேர்வு எழுதினாள், வேலையும் கிடைத்தது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு இரும்புக் கம்பிகள், நடுநடுவே தோல்வார், கீழே கனத்த பூட்ஸ். அதை மாட்டிக்கொண்டு சேலையைக் கொஞ்சம் தழையக் கட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். அலுவலக வராந்தாவில் டக், டக் என்று சத்தம் வந்தால், அரட்டை அடித்துக்கொண்டிருப்பவர்கள் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்கள். அவள் வாய் அப்படி. கிண்டலில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

அப்பா போன பிறகு அவளும் அம்மா பார்வதியம்மாளும் பெருமாள்புரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவள் பெரியவளான பிறகு அந்தக் காலைக் கம்பி இல்லாமல் பார்த்தவர்கள் அம்மாவும், மதுரையில் கம்பிக்கு அளவெடுக்கிறவரும்தான். அருவியில் குளிக்க அவளால் முடியாது என்றில்லை. குளித்தால் கம்பியைக் கழற்ற வேண்டும். அவ்வளவு பேர் முன்னால், கை மொத்தம்கூட இல்லாத அந்தக் காலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. அவளுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது.

தொண்ணூற்றி நாலில் அலுவலகக் கண்காணிப்பாளர் தில்லைநாயகம் ஒரு மாறுதல் செய்தார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. "குத்தாலத்துல மனுசத் தலைதான் தெரியுது, தண்ணி எங்க தெரியுது? இந்த வருசம் நெடும்பாறைக்குப் போவோம். எம் மச்சினன் சொல்லி பயணியர் மாளிகையில ரூம்பு போட்டிருக்கு. சனிக்கிழமை போயி ஞாயித்துக்கிழமை சாயந்தரம் எறங்கிரலாம்" என்றார்.

நெடும்பாறை பாபநாசத்துக்கு மேலே, பஸ் போகிற பாதை முடிந்த பிறகும் ஏறிப் போக வேண்டிய ஊர். ஊர் என்று சொன்னாலும், பழைய அணை ஒன்று தேக்கிவைத்த ஏரிக்கரையில் கொஞ்சம் ஓட்டு வீடுகள், பலா மரங்கள், ஒரு டீக்கடை, ஒரு மாளிகை, அவ்வளவுதான். ஏரிக்கு அக்கரையில் பெரியருவி. அதற்குப் படகில்தான் போக முடியும்.

அம்பாசமுத்திரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு வேன் மலை ஏறியபோதே மழை பிடித்துக்கொண்டது. அனுராதா பக்கத்தில் விஜயஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்த சின்னப் பெண். வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்து, "அக்கா, அங்கன பாருங்க, பாறையெல்லாம் தண்ணி ஒழுகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வளைவு திரும்பியதும் ஏரி தெரிந்தது. மலையிலிருந்து இறங்கிய மேகம் தண்ணீர்மேல் படுத்திருந்தது. சாம்பல் நிறத் தண்ணீருக்கு அப்பால் பெரியருவி வெள்ளைச் சேலை காயப்போட்ட மாதிரித் தொங்கியது. அதன் சத்தம் இவ்வளவு தூரத்துக்கு வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் படகில் ஏறிவிட்டார்கள். அனுராதா வராந்தாவில் பைகளோடு உட்கார்ந்தாள்.

மாளிகையில் சமையல் செய்கிற முப்பிடாதி வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். படகு ஓட்டுகிற சுடலைக்கண்ணுவின் மனைவி. கையில் முறத்தோடு நின்று அவளைப் பார்த்தாள்.

"நீங்க போகலையாம்மா?"

"பையெல்லாம் கெடக்குல்லா. யாராவது ஒரு ஆள் வேணுமே."

முப்பிடாதி ஏரியைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள். "இங்கன யாரு வந்து எடுக்கப் போறா? அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் நாங்க. கொரங்குதான் வரும். அதுக்குப் பயந்தா எல்லாத்தையும் உள்ள போட்டுப் பூட்டிர வேண்டியதான. சாவி அந்தா ஆணியில தொங்குது."

அனுராதா ஆணியைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவளிடம் சாவியைப் பற்றிப் பேசியதில்லை.

"கால்ல கம்பி போட்டிருக்கேன். நனையக் கூடாது. துருப்பிடிச்சிரும்."

"அப்ப கழத்திவச்சிட்டுக் குளிங்க." உளுந்தைப் புடைத்துக்கொண்டே முப்பிடாதி சொன்னாள். "பெரியருவிக்குத்தான் போட்டுல போவணும். சின்னருவி அடுப்படிக்குப் பின்னால இருக்கு. நாங்க பொம்பளையாளுக தெனமும் அங்கனதான் குளிக்கோம். வேலைய முடிச்சிட்டு நான் போவேன். வாறீங்களா?"

"இல்லக்கா. நீங்க போயிட்டு வாங்க."

"சரி."

அவ்வளவுதான். வேலை முடிந்ததும் முப்பிடாதி சோப்பு டப்பாவையும் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு அடுக்களையைச் சுற்றிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அனுராதாவுக்குக் கோபம் வந்தது. கட்டாயப்படுத்துகிறவர்களிடம் சொல்ல அவளிடம் பதில் இருந்தது. பரிதாபப்படுகிறவர்களைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவாள். வாறியா என்று கேட்டு, இல்லை என்றதும் சரி என்று போய்விடுகிற ஆளை என்ன செய்வது? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுக்களைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் விழுகிற சத்தமும், நடுவே முப்பிடாதி யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தமும் கேட்டன.

அன்றைக்கு இரவு முழுக்க மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் ஊருக்குக் கீழே இருந்த தரைப்பாலத்தைக் காணவில்லை. அதற்கு மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படகையும் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள்.

"தண்ணி வடியாம வேன் எறங்காது அண்ணாச்சி" என்று டிரைவர் சொல்ல, தில்லைநாயகம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திங்கட்கிழமை அலுவலகத்தில் அதிகாரி வந்து பார்த்தால் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். கொஞ்ச நேரம் புலம்பினார். பிறகு யாரோ சீட்டுக்கட்டை எடுத்தார்கள். அவரும் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அனுராதா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். முப்பிடாதி சாம்பாருக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இவளும் உரிக்கத் தொடங்கினாள். உள்ளியையே பார்த்துக்கொண்டு, கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"இன்னைக்குக் குளிக்கப் போவீங்களாக்கா? நானும் வாறேன்."

இதைச் சொல்ல அவள் காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். முப்பிடாதி கூடாது என்று தலையை ஆட்டினாள்.

"இன்னைக்கு ஆவாதும்மா. தண்ணி செவப்பா வருது. மேல எங்கயோ மண்ணு சரிஞ்சிருக்கு. கல்லும் கட்டையும் சேந்து வரும். ஊர்க்காரங்களே எறங்கமாட்டோம். மழ விட்டா நாளைக்குக் காலம்பறத் தெளிஞ்சிரும்."

தப்பித்தோம் என்று தோன்றும் என எதிர்பார்த்தாள். தோன்றவில்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது. அது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. அன்று பகல் முழுக்க, வாளி எடுக்கிற சாக்கில், தட்டுக் கழுவுகிற சாக்கில், அடுக்களைப் பின்வாசலுக்குப் போய்ப் போய் ஓடையைப் பார்த்தாள். செங்கல் நிறம் மத்தியானத்துக்கு மேல் தேயிலைத் தண்ணீர் நிறமாகியது. இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். முப்பிடாதியின் மகள் பிரேமலதா கீழே விக்கிரமசிங்கபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், பிரசவத்துக்கு வருவாள். அனுராதா மதுரையில் அளவெடுக்கப் போகிற கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் "கால நல்லா நீட்டும்மா" என்று சொல்வதும், இதுக்கு மேல அது நீளாதுய்யா என்று இவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வதும். முப்பிடாதி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் கதையை அனுராதா அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலையில் மழை விட்டு, மலை கழுவிவைத்த மாதிரி நின்றது. தரைப்பாலம் தெரியத் தொடங்கிவிட்டது, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று டிரைவர் சொன்னான். எல்லாரும் துணிகளைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது முப்பிடாதி வாசலில் வந்து நின்றாள். "தண்ணி தெளிஞ்சிருக்கு" என்றாள்.

அனுராதா துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுக்களைக்குப் பின்னால் பாதை சரிந்து, ஒரு சப்பைப் பாறையில் போய் முடிந்தது. பாறைக்கு அந்தப் பக்கம், வீட்டுக் கூரை உயரத்திலிருந்து ஓடை இரண்டாகப் பிரிந்து விழுந்துகொண்டிருந்தது. கரையில் ஈரப் பாசியும் காட்டு ஏலமும் மணத்தன. அனுராதா பாறை ஓரத்தில் உட்கார்ந்து சேலையை ஒதுக்கி, தோல்வார்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கம்பியை உருவி எடுத்ததும் கால் லேசாகி, தன்னுடையதே இல்லை என்பது போல் பாறையில் கிடந்தது. அவள் நிமிரவில்லை.

முப்பிடாதி ஒரு தடவை பார்த்தாள். "அத அந்தப் பாறைக்கு அடியில வைங்க, செருப்போட. நனையாது" என்றாள். அப்புறம் தானும் பாறையில் உட்கார்ந்துகொண்டாள். "நடந்து போயிராதீங்க. இந்தப் பாசியில நாங்களே உக்காந்து நவந்துதான் போவோம். இந்தா, இப்பிடி."

சொன்னபடியே அவள் இரண்டு கையையும் ஊன்றிக் குழந்தை மாதிரி நகர்ந்தாள். அனுராதா பின்னாலேயே நகர்ந்தாள். நடப்பதைவிட அது எளிதாக இருந்தது. அவளுடைய கைகள் பலமானவை. இத்தனை வருஷம் உடம்பைத் தூக்கிச் சுமந்தவை. பாதி தூரத்தில் முப்பிடாதியை முந்திவிட்டாள்.

"பைய வா தாயி, தண்ணி எங்கயும் ஓடிப் போயிராது" என்றாள் முப்பிடாதி பின்னாலிருந்து.

முதல் அடி தோளில் விழுந்தது. மூச்சு நின்று திரும்ப வந்தது. தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்று தெரியும். இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. தலையில், பிடரியில், முதுகில் யாரோ இரண்டு கையாலும் குத்துவது போல் இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. காதுக்குள் வேறு எந்தச் சத்தமும் இல்லை. முப்பிடாதி தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கொஞ்ச நேரம் கழித்து விட்டுவிட்டாள். அனுராதா இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து தண்ணீரை வாங்கிக்கொண்டாள். அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. அந்த இடத்தில் அழுதாலும் யாருக்குத் தெரியப்போகிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கரையில் விஜயஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள். பின்னால் இன்னும் மூன்று நான்கு பெண்கள். வேன் கிளம்பப்போகிறது என்று அவளைத் தேடி வந்திருந்தார்கள். நனைந்த சேலை முழங்காலுக்கு மேலே சுருண்டிருந்தது. மெலிந்த கால் பளிச்சென்று தெரிந்தது. அனுராதாவின் கை தானாகச் சேலையை இழுக்கப் போயிற்று.

விஜயஸ்ரீ செருப்பை உதறினாள். "அக்கா, கொஞ்சம் அங்கன தள்ளுங்க. ஒத்த ஆளா எடத்த அடைச்சிக்கிட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே பாறையில் நடக்கப் பார்த்து வழுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து அவள்மேல் மோதினாள். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். உடுத்திய துணியோடு எல்லாரும் நனைந்தார்கள். மேலே தில்லைநாயகம் மடக்கிய குடையோடு நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். சாப்பாடு ஆறுகிறது என்றார், பாலம் மறுபடியும் முங்கிவிடும் என்றார். ஒன்றும் காதில் விழவில்லை.

இறங்கும்போது வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். விஜயஸ்ரீ மட்டும் மெதுவாகக் கேட்டாள், "இத்தன வருசமா ஏன்க்கா குளிக்கல?"

"வெக்கமா இருந்துச்சுட்டி. வேற என்ன" என்றாள் அனுராதா.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். முந்தின நாள் சாயந்தரத்திலிருந்து தகவல் இல்லாமல் காத்திருந்தவள், மகளின் ஈரத் தலையைப் பார்த்துவிட்டுத் திட்ட வந்ததை மறந்துபோனாள். துண்டை எடுத்துவந்து துவட்டத் தொடங்கினாள். ரொம்ப நேரம் துவட்டினாள்.

"தண்ணி எப்படிட்டி இருந்துச்சு?"

"கனமா இருந்துச்சும்மா."

பார்வதியம்மாள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "நானும் ஒரு அருவியிலயும் குளிச்சதில்ல. ஒன்னத் தனியா எங்கன விட்டுட்டுக் குளிக்கது?" என்றாள் சாதாரணமாக. அனுராதாவுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆடி முடிவதற்குள் அம்மாவை நெடும்பாறைக்குக் கூட்டிப் போனாள். பார்வதியம்மாள் தண்ணீருக்குள் போனதும் "சிவசிவா" என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் வெளியே வரமாட்டேன் என்றுவிட்டாள். முப்பிடாதிதான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் அனுராதாவுக்குப் பதவி உயர்வு மூன்றாம் முறையாக வந்தது. இரண்டு தடவை அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி மறுத்திருந்தாள். பார்வதியம்மாள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள் என்பது ஊருக்கே தெரியும். புது ஊர், புது மனிதர்கள், மாடிப்படி, முதல் நாள் எல்லாருடைய கண்ணும் கீழே போவது. அதுதான் பயம். இந்தத் தடவை தில்லைநாயகம் கூப்பிட்டு, "அம்பாசமுத்திரத்துல எடம் காலியா இருக்கு. மறுபடியும் வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறியாம்மா?" என்று கேட்டார். "இல்லண்ணாச்சி, போறேன்" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

அம்பாசமுத்திரத்தில் முதல் நாள் எல்லாருடைய கண்ணும் கீழேதான் போயிற்று. ஒரு வாரம் போயிற்று. அப்புறம் போகவில்லை. பெரிய கோயில் பக்கத்தில் வீடு கிடைத்தது. சாயந்தரம் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். சாரல் காலத்தில் பழைய அலுவலகத்துப் பெண்கள் அவள் வீட்டில் வந்து இறங்குவார்கள். அங்கிருந்து எல்லாருமாக நெடும்பாறைக்கு ஜீப் பேசிப் போவார்கள். விஜயஸ்ரீ கல்யாணத்துக்குப் பிறகு கைக்குழந்தையோடும் வந்தாள்.

தொண்ணூற்றி எட்டில் அனுராதா ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். திருநெல்வேலி ஜங்ஷன் பட்டறை ஒன்றில் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்துக் கொடுத்தார்கள். அதை ஓட்டப் பழகும்போது கோயில் தெருவில் ஒரு காய்கறி வண்டியை இடித்து, கத்தரிக்காய் எல்லாம் சாக்கடையில் உருண்டு, கடைக்காரரிடம் நல்ல வசவு வாங்கினாள். ஆனாலும் விடவில்லை. உரிமம் கைக்கு வந்த வாரமே பாபநாசம் சாலையில் தனியாகப் போய்வந்தாள்.

அந்த ஆனியில் ஒரு சனிக்கிழமை, பாபநாசம் கடைத்தெருவில் முப்பிடாதி சாமான் வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு நிற்பதைப் பார்த்தாள். பிரேமலதாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது; அதற்கு வெந்நீர் போட என்று புதிதாக ஒரு பெரிய அலுமினியச் சட்டி வாங்கியிருந்தாள்.

"ஏறுங்கக்கா. ஃபாரஸ்ட் செக்போஸ்ட் வரைக்கும் விடுதேன். அதுக்கு மேல ஜீப்புல போயிருங்க."

"இதுலயா? நீயா ஓட்டுத?" முப்பிடாதி சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு வழியாக ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் சட்டியையும் மறு கையால் அனுராதாவின் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது வளைவில் திறந்து, "இன்னும் கொஞ்சம் வெரசலாத்தான் போயேன்" என்றாள்.

மலையிலிருந்து சாரல் இறங்கிவந்தது. அனுராதாவின் கண்ணாடியில் துளி கட்டியது. ஒதுங்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், போ என்றாள் முப்பிடாதி. புதுச் சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சட்டியில் மழை விழுகிற சத்தத்தோடு வண்டி மேலே ஏறியது.